‘தண்ணி குறைவு, முகம் தெளிவில்லை’: நினைவுப்பட ஸ்கான் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

சுன்னாகத்தில் ஒரு கடையில் லமினேட் செய்யக் கொடுத்த படம் முழுக்கக் கறுத்த தகடாகத் திரும்பி வந்தது. ஸ்கான் அறையில் கையில் தருகிற கறுப்பு வெள்ளைப் படத்தில் மை இல்லை. சூடு பட்டால் கறுக்கிற தாளில் சூட்டாலேயே வரையப்படுவது அது. லமினேட் இயந்திரத்தின் சூட்டில் தாள் மொத்தமும் கறுத்துவிட்டது. 11ஆவது வாரத்தில் எடுத்த முதல் ஸ்கானின் படம். சாமி அறையில் வைக்க வேண்டும் என்று ஆசையாகக் கொண்டுபோனவள், அந்தத் தகட்டைக் கிளினிக் அட்டைக்குள் செருகிக்கொண்டு வந்து என்னிடம் கேட்டாள்: “மிஸ், இதைத் திருப்பி எடுக்க ஏலாதோ?”

ஏலாது என்றேன். போனில் ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறாளா என்று கேட்டேன். அதுவும் இல்லை.

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் 18 வருடமாகக் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். இந்த எழுத்தில் வருகிற தாயைத் தங்கச்சி என்றே குறிப்பிடுகிறேன். நேரிலும் அப்படித்தான் கூப்பிடுவது. எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டி, சம்மதம் வாங்கிய பிறகே வெளியிடுகிறேன். ஆளையும் இடத்தையும் அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை விட்டுவிட்டேன்.

தங்கச்சிக்கு வயது 27. தலைப்பிள்ளை. கணவர் பிரான்ஸில். கலியாணத்துக்கு வந்து 6 கிழமை நின்றுவிட்டுப் போனவர். இவளுடைய விசா அலுவல் இழுபட்டுக்கொண்டே இருந்தது. வயிற்றில் பிள்ளை என்று தெரிந்த நாளிலிருந்து தகப்பன் பக்கத்தில் இல்லை. எங்கள் பக்கத்தில் இது புதினமான விசயமும் இல்லை. என் பகுதியில் கர்ப்பிணித் தாய்மாரின் வீடுகளுக்குப் போனால், தகப்பன் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீடு அடிக்கடி வரும். அவர் ஒவ்வொரு இரவும் வைபரில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “பிள்ளை ஆரை மாதிரி?”

கறுத்த தகட்டுக்குப் பிறகு அவளிடம் காட்ட ஒன்றும் இல்லை. 20ஆவது வாரத்து ஸ்கான் அரச கிளினிக்கில் நடந்தது. உறுப்புகள் எல்லாம் ஒழுங்கு, நச்சுக்கொடி (பிள்ளைக்கு ஊட்டம் கொடுக்கும் நஞ்சு) கர்ப்பப்பையின் முன்பக்கச் சுவரில் என்று அட்டையில் எழுதியிருந்தது. படம் தரவில்லை. அரச கிளினிக்குகளில் ஸ்கான் நேரம் எப்படி என்று போய் வந்தவர்களுக்குத் தெரியும். வெளியே நீண்ட வரிசை, திரை வைத்தியர் பக்கம் திரும்பியிருக்கும், துணைக்கு வந்தவர் கதவுக்கு வெளியே. அளவு எடுத்து, அட்டையில் குறித்து, “எல்லாம் சரி, அடுத்தவ வாங்கோ”. வேலைப் பளு தெரிந்துதான் சொல்கிறேன். ஆனாலும் அந்தத் திரையை ஒரு நிமிடம் தாயின் பக்கம் திருப்பியிருந்தால், அவள் பிறகு காசு கொடுத்து அலைந்திருக்க மாட்டாள் என்று எனக்குப் படுகிறது.

ரொறன்ரோவில் இருக்கிற மச்சாள் தன் பிள்ளைக்கு நினைவுக்காக மட்டும் எடுத்த 4டி ஸ்கான் வீடியோவை அனுப்பி, “நீயும் எடு, காசு நான் போடுறன்” என்றாள்.

நடந்தது

3டி, 4டி என்றால் என்ன என்று தங்கச்சி என்னிடம் கேட்டபோது பாணை வைத்து விளக்கினேன். சாதாரண ஸ்கானில் தெரிவது பாணிலிருந்து வெட்டிய ஒரு துண்டு. நெற்றியிலிருந்து நாடி வரை அப்படிப் பல துண்டுகளை எடுத்து, கணினி அடுக்கி, மேல்தோலை மட்டும் வரைந்து காட்டினால் 3டி. அதே வேலையைத் தொடர்ந்து செய்து அசைவோடு காட்டினால் 4டி. 26 முதல் 30 வாரம் வரை முகம் நன்றாக வரும். அதற்கு முதல் கன்னத்தில் சதை இருக்காது; பிறகு பிள்ளை கீழே இறங்கி, இடம் நெருக்கமாகிவிடும். முகத்துக்கு முன்னால் தண்ணீர் இருக்க வேண்டும் என்பது முக்கியம். தண்ணீர் இருந்தால்தான் கணினிக்கு முகம் எங்கே தொடங்குகிறது என்று தெரியும். கையோ கொடியோ கர்ப்பப்பைச் சுவரோ முகத்தில் முட்டிக்கொண்டிருந்தால் எந்த மெஷினிலும் முகம் வராது.

29ஆவது வாரத்தில் போனார்கள். நகரப் பக்கம் ஓர் இடம். வைத்தியசாலையும் இல்லை, நிபுணர்கள் வந்து பார்க்கிற சனலிங் நிலையமும் இல்லை. குளிரூட்டிய அறை, சுவரில் பெரிய திரை, சொந்தக்காரர் இருந்து பார்க்க சோபா. மாமியும் ஒரு சித்தியும் கூடப் போனார்கள். வைபரில் பிரான்ஸ். அந்த 40 நிமிடம் அவர்களுக்கு என்னவாக இருந்தது என்பதை நான் குறைத்து எழுத மாட்டேன். பிள்ளை கொட்டாவி விட்டபோது தகப்பன் போனில் அழுதாராம். மாமி வாழ்க்கையில் 5 பிள்ளை பெற்றவர். ஒன்றின் முகத்தைக்கூடப் பிறக்க முதல் கண்டதில்லை. அவரும் அழுதாராம்.

ஆனால் முகம் முழுதாக வரவில்லை. ஸ்கான் செய்தவர் தங்கச்சியை இடப்பக்கம், வலப்பக்கம் திருப்பிப் படுக்க வைத்தார், எழுப்பி நடக்க விட்டார், குளிர்ந்த நெல்லி ரசம் குடிக்கக் கொடுத்தார். அப்புறம் சொன்னார்: “தண்ணி கொஞ்சம் குறைவு போலக் கிடக்கு அக்கா, அதுதான் முகம் தெளிவா வருதில்லை. நல்லாத் தண்ணி குடிச்சிட்டு நாலு நாளில வாங்கோ. காசு வேண்டாம், திருப்பி எடுத்துத் தாறன்.”

நாலு நாளில் போனார்கள். இந்தமுறை 50 நிமிடம். கை மறைத்த அரை முகம் ஒன்று கிடைத்தது. வீடியோவைப் பாட்டுப் போட்டு பென் டிரைவில் கொடுத்தார்கள். பிள்ளையின் இதயத் துடிப்பைப் பதிந்து ஒரு கரடிப் பொம்மைக்குள் வைத்துக் கொடுத்தார்கள். வயிற்றை அமத்தினால் துடிப்பு கேட்கும். “பிள்ளை வலு சுகம்” என்று வாயால் சொல்லி அனுப்பினார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை. கிளினிக் அட்டையை இரண்டு நாளும் ஒருவரும் கேட்கவில்லை. ஸ்கான் செய்தவர் வைத்தியரா, பயிற்சி பெற்ற வேறு ஆளா என்று நான் பிறகு கேட்டபோது தங்கச்சிக்குத் தெரியவில்லை. “வெள்ளைக் கோட் போட்டிருந்தவர் மிஸ்” என்றாள்.

படம் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போனது. பொன்னிறத்தில் மின்னுகிற முகத்தைப் பார்த்து “நல்ல நிறம்” என்றார்கள். அந்த நிறம் கணினி பூசுவது. எந்த நாட்டுப் பிள்ளைக்கும் அதே பொன்னிறம்தான். நெற்றியோரம் ஒரு குழி தெரிகிறதே என்று சித்தி பயந்தார். ஒலி திரும்பி வராத இடத்தைக் கணினி குழியாக வரையும். அதையும் நான் பிறகுதான் விளக்கினேன். மாமி மட்டும் “பிறக்க முதல் ஊருக்கெல்லாம் காட்டாதேங்கோ, நாவூறு படும்” என்று சொல்லியிருக்கிறார்.

30ஆவது வாரத்துக் கிளினிக்குக்குத் தங்கச்சி வரவில்லை. வராதவர்களின் வீட்டுக்குப் போவது என் வேலை. 31ஆவது வாரம் முடிகிற நாள் பின்னேரம் போனேன். மாமி தேத்தண்ணி போட உள்ளே போனார். “ஏன் வரேல்லை தங்கச்சி?” என்று கேட்டேன்.

“அதுக்கு முதல் கிழமைதானே மிஸ் ரெண்டு தரம் பாத்தவை. எல்லாம் சுகம் எண்டவை.”

உதைப்பு எப்படி என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். “முந்தி மாதிரி இல்லை மிஸ். கொடி முன்னுக்கு இருக்கிறதால அப்பிடித்தான் எண்டு நினைச்சன். ராவில பயம் வந்தால் கரடியை அமத்திக் கேப்பன். நல்லா அடிக்கும்.”

அந்த நேரம் என் கையிலிருந்த பேனா நின்றுவிட்டது. பொம்மைக்குள் இருந்தது இரண்டு கிழமைக்கு முந்திய துடிப்பு.

பாயில் படுக்க வைத்து டேப்பை எடுத்தேன். அடிவயிற்று எலும்பிலிருந்து கர்ப்பப்பையின் மேல்விளிம்பு வரை சென்ரிமீற்றரில் அளந்தால், 24 வாரத்துக்குப் பிறகு கிட்டத்தட்ட வாரக் கணக்கே வரும். 2 கூடலாம், குறையலாம். 31 வரவேண்டிய இடத்தில் 27 வந்தது. திருப்பி அளந்தேன். 27. அட்டையில் உள்ள கோட்டுப்படத்தில் 28ஆவது வாரத்துப் புள்ளி 27இல் இருந்தது. கோடு படுத்துவிட்டது. மாமி தேத்தண்ணியோடு வந்தபோது நான் சுகாதாரப் பணிமனை வைத்தியருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன். அரை மணித்தியாலத்தில் ஓட்டோவில் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பினேன்.

அங்கே பார்த்ததில் பிள்ளையின் வயிற்றுச் சுற்றளவு அந்த வாரத்துப் பிள்ளைகள் 100 பேரை எடுத்தால் மிகச் சிறிய 10 பேருக்குள் வந்தது. தண்ணீரின் ஆழமான இடமே 2 சென்ரிமீற்றருக்குக் குறைவு. தொப்புள்கொடியில் இரத்தம் ஓடத் தடை கூடியிருந்தது. நச்சுக்கொடி போதிய அளவு ஊட்டவில்லை, பிள்ளை வளராமல் நிற்கிறது என்று அர்த்தம். அன்றே வார்டில் மறித்துவிட்டார்கள். நுரையீரல் முதிர்வதற்கான ஊசி போட்டார்கள். ஒவ்வொரு நாளும் இதயத் துடிப்புப் பதிவு, இடைவிட்டு இரத்த ஓட்டம். 34 வாரமும் 2 நாளும் ஆனபோது ஓட்டம் மோசமாக, சிசேரியன். பெண் பிள்ளை. 1.6 கிலோ. விசேட பராமரிப்புப் பிரிவிலும், பிறகு தாயின் நெஞ்சோடு அணைத்தபடியும் 3 கிழமைக்கு மேல் இருந்து வீட்டுக்கு வந்தது. இப்போது தவழ்கிறது. நிறை இன்னும் கொஞ்சம் பின்னால்தான், கூட்டிக்கொண்டு வருகிறோம்.

மாமியின் கேள்வி

வார்டுக்கு வெளியே மாமி என் கையைப் பிடித்துக் கேட்டார்: “உண்மையைச் சொல்லுங்கோ மிஸ், அந்த மெஷின் சூட்டாலதானே பிள்ளை மெலிஞ்சது?”

இல்லை அம்மா என்றேன். ஆனால் அந்தக் கேள்வி மூடத்தனமானது இல்லை, அதை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

அல்ட்ராசவுண்ட் எக்ஸ்ரே இல்லை. காதுக்குக் கேட்காத ஒலி. 1950களில் கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் என்ற மகப்பேற்று வைத்தியர், இரும்பில் வெடிப்புத் தேடுகிற ஒலிக்கருவியை மனித வயிற்றில் வைத்துப் பார்த்தார். பொறியியலாளர் ரொம் பிரவுணோடும் ஜோன் மக்விக்கரோடும் சேர்ந்து 1958இல் முடிவுகளை வெளியிட்டார். அன்றிலிருந்து கோடிக்கணக்கான பிள்ளைகள் இந்த ஒலிக்குள் இருந்து வந்திருக்கிறார்கள். வைத்தியத் தேவைக்குச் சரியாகப் பயன்படுத்தியதால் பிள்ளைக்குக் கேடு வந்தது என்று நிறுவப்படவில்லை.

மாமியின் சந்தேகத்தை ஆராய்ச்சியாளர்களும் ஒருகாலத்தில் நேரே கேட்டிருக்கிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் நியூன்ஹாமும் குழுவினரும் 2,834 கர்ப்பிணிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு 18 வாரத்திலிருந்து 5 தடவை ஸ்கானும் இரத்த ஓட்டச் சோதனையும் செய்தார்கள். 1993இல் வந்த முடிவில், அடிக்கடி ஸ்கான் செய்த பகுதியில் சிறிய பிள்ளைகள் கொஞ்சம் அதிகம். எல்லோரும் திடுக்கிட்டார்கள். அதே பிள்ளைகளை 8 வயது வரை பின்தொடர்ந்து 2004இல் எழுதியபோது, வளர்ச்சியிலோ பேச்சிலோ படிப்பிலோ இரண்டு பகுதிக்கும் வித்தியாசம் இல்லை. இதை மாமிக்குச் சுருக்கமாகச் சொன்னேன். தங்கச்சியின் பிள்ளை மெலிந்ததற்குக் காரணம் நச்சுக்கொடி. 28ஆவது வாரத்துப் புள்ளியே கொஞ்சம் தாழத்தான் இருந்தது. அவர்கள் நகரத்துக்குப் போக முன்னமே அது தொடங்கியிருக்க வேண்டும்.

அப்படியென்றால் ஏன் எச்சரிக்கை? ஒலி உடலுக்குள் போகும்போது கொஞ்சம் சூடாக மாறும். எலும்பு அதைக் கூடுதலாக உறிஞ்சும். ஸ்கான் திரையின் ஓரத்தில் டி.ஐ., எம்.ஐ. என்று இரண்டு எண்கள் ஓடும். முதலாவது சூடு பற்றியது. 1 என்றால் திசு சுமாராக 1 பாகை செல்சியஸ் சூடேறக்கூடிய வலு. இரண்டாவது அதிர்வு பற்றியது. 1992 வரை அமெரிக்காவில் பிள்ளைக்குப் பாவிக்கும் ஒலிச்செறிவின் உச்சம் சதுர சென்ரிமீற்றருக்கு 94 மில்லிவாட்; பிறகு இந்த எண்களைத் திரையில் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு 720 வரை விட்டார்கள். அதாவது பொறுப்பு மெஷினிடமிருந்து அதைப் பிடித்திருப்பவரின் கைக்கு வந்தது. பிரித்தானிய மருத்துவ அல்ட்ராசவுண்ட் சங்கத்தின் வழிகாட்டலில் டி.ஐ. 1 வரை இருந்தால் 60 நிமிடம், 1.5 வரை 30 நிமிடம், 2 வரை 15 நிமிடம் என்று நேரத்தை இறுக்கிக்கொண்டே போகிறார்கள். 3ஐத் தாண்டினால் பிள்ளைக்கு வேண்டாம் என்கிறார்கள்.

4டி முகப்படம் சாதாரண ஸ்கானைவிடச் சூடு கூடியது என்று நினைக்க வேண்டாம். நேரம்தான் பிரச்சினை. வைத்தியக் காரணம் இருந்தால் படம் கிடைத்ததும் நிறுத்திவிடுவார்கள். முகம் வரும் வரை என்று தொடங்கினால் எங்கே நிறுத்துவது? அதைவிட, துடிப்பைக் கேட்க வைப்பதற்கான டொப்ளர் முறை செறிவு கூடியது. துடிப்பை எண்ணுவதற்கு அது தேவையே இல்லை. திரையில் கோடாக வரைந்து எண்ணலாம். கரடிக்குள் வைக்கத்தான் டொப்ளர் வேண்டும்.

இதனால்தான் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் நினைவுக்காக மட்டும் எடுக்கிற ஸ்கானையும், வீட்டில் வைத்துக் கேட்கும் துடிப்புக் கருவியையும் தவிர்க்கும்படி சொல்லி வருகிறது. கனெக்டிகட் மாநிலம் 2009இல் சட்டமே போட்டது. ஜெர்மனியில் 2021 தொடக்கம் வைத்தியத் தேவையில்லாத கர்ப்ப ஸ்கானுக்கு இடமில்லை. கேடு நிரூபிக்கப்பட்டதால் அப்படிச் செய்யவில்லை. பயன் இல்லாத இடத்தில் பிள்ளையை எதற்கு ஒலிக்குள் வைப்பது என்ற கணக்கு.

சரி, மெஷின் மெலிய வைக்கவில்லை. அப்படியென்றால் அந்த இரண்டு நாள் செய்த பிழை என்ன?

தண்ணீர் குறைந்திருப்பதை அந்த அறையில் ஒருவர் கண்டார். கண்டதைச் சொல்லியும் இருக்கிறார். ஆனால் அதைப் படத்தின் குறையாகச் சொன்னார். 29 வாரத்தில் பிள்ளையைச் சுற்றியுள்ள தண்ணீர் பெரும்பாலும் பிள்ளையின் சிறுநீர். நச்சுக்கொடி ஊட்டம் குறைத்தால் பிள்ளை மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தத்தைத் திருப்பிவிட்டு, சிறுநீரகத்துக்குக் குறைக்கும், தண்ணீர் வற்றும். தாய் நாலு நாள் தண்ணீர் குடித்தால் தீர்கிற விசயமா அது? கிளினிக்கில் யாராவது அதைக் கண்டிருந்தால் அன்றே அனுப்பியிருப்பார்கள். இரண்டு கிழமை போய்விட்டது. அந்த இரண்டு கிழமையும் அவள் “பார்த்தாயிற்று” என்ற நிம்மதியில் இருந்தாள். கிளினிக்கை விட்டாள். உதைப்பு எண்ணுவதை விட்டாள். பயம் வந்த இரவுகளில் பொம்மையை அமத்தினாள்.

வயிற்றைப் பார்த்துவிட்டார்கள் என்றாலே பரிசோதித்துவிட்டார்கள் என்று நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். முகத்தைப் பார்க்கிற ஸ்கானில் தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பு நீளம் எடுத்து வளர்ச்சிக் கோட்டில் போடுவதில்லை. இருதயத்தின் நாலு அறைகளைத் தேடுவதில்லை. இதயம் அடிக்கிறது என்றால் இந்த நிமிடம் அடிக்கிறது, அவ்வளவுதான்.

என் பங்கையும் எழுத வேண்டும். 28ஆவது வாரத்தில் உதைப்பு எண்ணச் சொல்லிக் கொடுத்தது நான்தான்: 12 மணித்தியாலத்துக்குள் 10 அசைவு, வராவிட்டால் உடனே வைத்தியசாலை. நச்சுக்கொடி முன்பக்கம் என்றால் அசைவு ஆரம்பத்தில் மெதுவாகத் தெரியும், ஆனால் இருந்த அசைவு குறைந்தால் அதற்குக் கொடி முன்பக்கம் இருப்பது காரணமில்லை என்று சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நினைவுப்படம் எடுக்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது பாணை வைத்து விளக்கிய நான், எங்கே போகிறாய், யார் பார்க்கப் போகிறார் என்று கேட்கவும் இல்லை.

நான் இப்போது தாய்மாரிடம் சொல்வது

எடுக்காதே என்று மட்டும் சொல்லி அனுப்புவதை விட்டுவிட்டேன். அப்படிச் சொன்னால் எனக்குத் தெரியாமல் போவார்கள், அவ்வளவுதான் நடக்கும். முதலில் வேறு வழி சொல்கிறேன். 18 முதல் 22 வாரத்துக்குள் உறுப்புகள் பார்க்கிற ஸ்கானை எப்படியும் செய்யத்தான் வேண்டும். பிறகு வளர்ச்சி பார்க்கிற ஸ்கானும் வரலாம். சிலர் அதைத் தனியாரிடம் மகப்பேற்று நிபுணரிடமோ கதிரியக்க நிபுணரிடமோ செய்கிறார்கள். அந்த ஸ்கான் முடிகிற நேரம், “டொக்டர், முகத்தை ஒருக்கால் காட்டுவீங்களே?” என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் மறுக்க மாட்டார்கள். வைத்தியத்துக்காக வைத்த மெஷினில் ஒரு நிமிடம். தகப்பனுக்கு அனுப்ப அது போதும். வெளியே வந்ததும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். வெப்பத்தாள் எங்கள் வெயிலில் மங்கிவிடும், லமினேட் செய்தால் தங்கச்சியின் தகடு மாதிரி ஆகிவிடும்.

அப்படியும் தனியாக ஒரு இடத்துக்குத்தான் போவேன் என்றால், காசு கொடுக்க முதல் போன் போட்டுக் கேளுங்கள்: ஸ்கான் செய்கிறவர் யார்? வைத்தியர் என்றால் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம். இடம் பதிவு செய்யப்பட்டதா? 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின்படி பதிவுச் சான்றிதழ் இருக்க வேண்டும், அது புதுப்பிக்கப்பட வேண்டும். சுவரில் மாட்டியிருந்தால் ஆண்டைப் பாருங்கள். கேட்டதும் முகம் சுளிக்கிற இடம் என்றால் அதுவே பதில்.

எனக்கு இவற்றைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது: ஏதாவது வித்தியாசமாகக் கண்டால் என்ன செய்வீர்கள்? நல்ல இடம் என்றால் தயங்காமல் சொல்லும்: அட்டையில் எழுதுவோம், உங்கள் வைத்தியருக்குப் போன் எடுப்போம், கடிதம் தருவோம். “இது சும்மா படத்துக்குத்தானே” என்று பதில் வந்தால் அங்கே போகவேண்டாம். ஏனென்றால் மெஷின் எல்லாவற்றையும்தான் காட்டும், முகத்தோடு நிற்காது. திரையில் இருப்பதைப் படிக்கத் தெரியாதவர் கையில் அது இருப்பதும், படித்ததை எங்கே சொல்வது என்று தெரியாதவர் கையில் இருப்பதும் தாய்க்கு ஒன்றுதான்.

வந்தவுடன் கிளினிக் அட்டையைக் கேட்கிற இடம் நல்ல அறிகுறி. உறுப்பு ஸ்கான் முடிந்ததா என்று கேட்டு, முடியாதவர்களைத் திருப்பி அனுப்புகிற இடம் இன்னும் நல்லது. இத்தனை நிமிடம்தான், முகம் வராவிட்டால் விட்டுவிடுவோம் என்று முதலே சொல்ல வேண்டும். “வராவிட்டால் வரும் வரை இலவசம்” என்பது கேட்க நல்ல சலுகை. பிள்ளைக்கு அது கூடுதல் ஒலி. துடிப்புப் பொம்மை வேண்டாம் என்று சொல்லுங்கள். முதல் 3 மாதத்தில் படத்துக்காகப் போகவே வேண்டாம்.

கண்டதைத் தமிழில் எழுதித் தருவார்களா என்றும் கேட்கச் சொல்கிறேன். சிலர் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1860களில் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். அதற்கு முன்னமே மகப்பேற்று நூல் ஒன்றைத் தமிழில் கொண்டுவந்தார். அந்த மண்ணில் இருந்துகொண்டு, “தண்ணீர் குறைவாக உள்ளது, உடனே வைத்தியசாலையில் காட்டவும்” என்ற ஒரு வரியை எழுதித் தர முடியாதா?

ஆணா பெண்ணா என்ற கேள்வி எனக்கு இரண்டாம் பட்சம். வைத்தியத்துக்குத் திருச்சி, சென்னை போய் வந்தவர்கள் அங்கே ஸ்கான் நிலையத்தில் பாலினம் சொல்லமாட்டோம் என்ற பலகையைப் பார்த்திருப்பார்கள். இந்தியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது. தங்கச்சிக்கு அதைக் கேட்காமலே சொல்லிவிட்டார்கள். அவள் பிறக்கும் வரை தெரியாமல் இருக்க ஆசைப்பட்டவள். சொல்ல வேண்டுமா என்று முதலில் தாயைக் கேட்பது அடிப்படை மரியாதை.

அந்த இடத்துக்குப் போனேன்

பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு, எங்கள் சுகாதார வைத்திய அதிகாரியிடம் விபரம் சொல்லி, அவரது அனுமதியோடு அந்த இடத்துக்கு ஒருநாள் போனேன். முறைப்பாடு எழுதப் போகவில்லை; அதற்கு வேறு வழி இருக்கிறது, அது தனியாக நடக்கிறது. ஸ்கான் செய்தவரைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

30 வயதுக்குள் இருப்பார். மரியாதையானவர். தங்கச்சியை ஞாபகம் இருந்தது, கையால் முகத்தை மறைத்த பிள்ளை என்று. நடந்ததைச் சொன்னேன். 27 சென்ரிமீற்றர், 1.6 கிலோ, பொம்மை, எல்லாம் சொன்னேன். அவர் எழுந்துபோய்க் குளிரூட்டியை நிறுத்திவிட்டு வந்து இருந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“தண்ணி குறைவு எண்டு எனக்குத் தெரிஞ்சது மிஸ்” என்றார். “அது இப்பிடி ஒரு விசயம் எண்டு தெரியாது. எனக்கு மெஷின்தான் பழக்கினவை.”

அறிக்கை எழுதித் தர அவரால் முடியாது. அதற்குத் தகுதி இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். தகுதியான ஒருவரை வைக்காமல் இந்த வேலையைச் செய்யக்கூடாது என்று நான் சொன்னேன். முதலாளியோடு கதைக்கிறேன் என்றார். கதைத்தாரா என்று இன்னும் தெரியாது. கரடிப் பொம்மைகளை மட்டும் அலுமாரியிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று போன மாதம் போய் வந்த ஒரு தாய் சொன்னாள். வாசலில் அட்டையும் கேட்டார்களாம்.

அன்று நான் எழும்புகிற நேரம் அவர் கேட்டார்: “இனி அப்பிடிக் கண்டால் நான் ஆருக்கு எடுக்கிறது?”

என் கைப்பையில் அட்டைத்தாள் ஒன்று இருந்தது. பணிமனை இலக்கத்தையும் பிரசவ வார்டு இலக்கத்தையும் பெரிய எழுத்தில் எழுதி, மெஷினின் திரைக்குக் கீழே ஒட்டிவிட்டு வந்தேன்.